ஆன்டிஆக்ஸிடன்ட்: மாத்திரையில் வாங்குவதா, தட்டில் போட்டுக்கொள்வதா?

அப்பாவுக்குச் சர்க்கரை நோய், சித்தப்பாவுக்கு மாரடைப்பு, நமக்கும் நாற்பது தாண்டிவிட்டது. வருமுன் ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தேடத் தொடங்குகிறவர் முன்னால் இன்று நான்கு வழிகள் வந்து நிற்கின்றன. வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் போன்ற மாத்திரைகள் ஒரு வகை. மஞ்சளிலிருந்தோ பச்சைத் தேயிலையிலிருந்தோ ஒரு சேர்மத்தை மட்டும் பிரித்துச் செறிவாக்கிய கேப்சூல்கள் இன்னொரு வகை. அடுத்து பழச்சாறும் பொடிகளும். கடைசியாக, காய், கனி, கீரை, பயறு, கொட்டை என்று சாதாரணமாகச் சாப்பிடுவது. நான்குக்கும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: உடலில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் குறையும், நாள்பட்ட நோய்கள் தள்ளிப்போகும். ஃப்ரீ ரேடிக்கல் என்ற, எதனோடும் எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள் அளவு மீறிச் செல்களைச் சேதப்படுத்துவதே ஆக்சிஜனேற்ற அழுத்தம்; அவற்றை அடக்கும் பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட்.

காரணம் ஒன்று, பலன் ஒன்றல்ல. இவற்றில் ஒன்று சிலருக்குப் புற்றுநோயைக் கூட்டியிருக்கிறது, இன்னொன்று சிலருடைய கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. அதனால் எதை வைத்து ஒப்பிடப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வோம்.

எதை வைத்து அளப்பது?

டப்பாவின் மேல் 'ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் இத்தனை' என்று பெரிய எண் போட்டிருந்தால் அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். சோதனைக் குழாயில் ஒரு சாறு எத்தனை ஃப்ரீ ரேடிக்கல்களைச் செயலிழக்க வைக்கிறது என்று அளந்து எடுக்கும் எண் அது. 'ஓராக்' என்று அதற்குப் பெயர். அமெரிக்க வேளாண்மைத் துறை உணவுகளின் ஓராக் பட்டியலை ஒரு காலத்தில் தன் இணையதளத்தில் வைத்திருந்தது. 2012-இல் அதை எடுத்துவிட்டது. சோதனைக் குழாயில் கிடைக்கும் எண்ணுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு இல்லை, விற்பவர்கள் அந்த எண்ணைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே அது சொன்ன காரணம்.

ஏன் தொடர்பில்லை? ஆப்பிளை வைத்து நடந்த ஒரு வேலையைப் பார்த்தால் புரியும். ஆப்பிள் சாப்பிட்டதும் இரத்தத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் ஏறுகிறது. பழத்தில் உள்ள ஃபிளேவனாய்டு என்ற தாவரச் சேர்மங்களே காரணம் என்று நினைப்போம். லோடிட்டோ, ஃப்ரெய் என்ற இரு ஆய்வாளர்கள் 2004-இல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். பழத்தில் உள்ள ஃப்ரக்டோஸ் சர்க்கரை உடலில் யூரிக் அமிலத்தைச் சற்று உயர்த்துகிறது. யூரிக் அமிலமும் ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட்தான். அளவுகோல் காட்டிய ஏற்றம் அதனால் வந்தது. கீல்வாதத்தில் நாம் குறைக்கப் பாடுபடும் அதே யூரிக் அமிலம்! எண் ஏறியதில் மகிழ ஒன்றுமில்லை.

அளவுகளையும் பாருங்கள். செல்லுக்குள் உடலே தயாரிக்கும் குளூட்டாத்தியோன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மில்லிமோலார் கணக்கில் இருக்கிறது. உணவிலிருந்து வரும் பாலிஃபீனால்கள் (ஃபிளேவனாய்டுகளும் அடங்கிய தாவரச் சேர்மக் குடும்பம்) இரத்தத்தில் ஒன்றிரண்டு மைக்ரோமோலாரைத் தாண்டுவதே அபூர்வம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். அந்தச் சொற்பமும் குடலிலும் கல்லீரலிலும் உருமாறித்தான் இரத்தத்துக்கு வருகிறது. தாவரச் சேர்மங்கள் நேரடியாக ஃப்ரீ ரேடிக்கல்களைப் பிடித்துத் தின்கின்றன என்ற படம் இந்தக் கணக்கில் நிற்காது.

சரி, அப்படியானால் அவை என்ன செய்கின்றன? ஆக்சிஜனேற்ற அழுத்தம் பற்றிய எண்ணமே காலப்போக்கில் மாறியிருக்கிறது. ஃப்ரீ ரேடிக்கல்களால்தான் முதுமை வருகிறது என்று டென்ஹம் ஹார்மன் 1956-இல் எழுதினார். 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும், அந்த ரேடிக்கல்களில் ஒன்றைச் செயலிழக்க வைக்கும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற உடலின் சொந்த என்சைமைக் கண்டுபிடித்தார்கள். உடலுக்கு வெளியிலிருந்து துணை வருமுன்பே உள்ளே ஒரு முழு ஏற்பாடு இருக்கிறது என்பது அப்போது தெளிவானது. வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்ல இதே ரேடிக்கல்களைத்தான் உற்பத்தி செய்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு, மிகச் சிறிய அளவில், செல்கள் தங்களுக்குள் அனுப்பும் செய்தியாகவும் வேலை செய்கிறது. ஆக, அடியோடு ஒழிக்க வேண்டிய எதிரி அல்ல; அளவு மீறும்போதுதான் தொல்லை.

இப்போது பல ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் இது. பல தாவரச் சேர்மங்கள் செல்லுக்கு லேசான எரிச்சலைத் தருகின்றன. பூச்சியை விரட்ட செடி தயாரித்த பொருள்தானே, அப்படித்தான் இருக்கும். அந்த எரிச்சலில் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம் விழித்துக்கொண்டு, உடலின் சொந்தப் பாதுகாப்பு என்சைம்களைக் கூடுதலாகத் தயாரிக்கச் சொல்லி மரபணுக்களுக்கு ஆணையிடுகிறது. புரோக்கோலியில் கிடைக்கும் சல்ஃபரஃபேன் இதற்கு நன்றாக ஆராயப்பட்ட உதாரணம். எரிச்சல் மூலம் வரும் பலன் என்றால், சிறு அளவில் உதவுவது பெரிய அளவிலும் உதவும் என்று எதிர்பார்க்க முடியாது. கேப்சூல்களைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

எனவே ஒப்பிட ஒரே அளவுகோல்: எடுத்துக்கொண்டவர்களுக்கு நோய் குறைந்ததா, சாவு குறைந்ததா? இரத்தத்தில் ஏதோ ஒரு குறியீடு அசைந்தது என்பது போதாது.

மாத்திரைகள்: ஆராயப்பட்ட வழி, அதனாலேயே தோற்ற வழி

பீட்டா கரோட்டின் இரத்தத்தில் அதிகம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல கணக்கெடுப்புகள் காட்டியிருந்தன. அதை நம்பி ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. தற்செயல் என்று தள்ளிவிடலாம் என்றால், அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வும் அதையே சொன்னது: 28 சதவீதம் அதிகப் புற்றுநோய், 17 சதவீதம் அதிக மரணம். 1996 ஜனவரியில், முடிவதற்கு 21 மாதம் முன்பே அதை நிறுத்தினார்கள். பெரும்பாலும் புகைபிடிக்காத 22,071 அமெரிக்க மருத்துவர்களிடம் நடந்த நீண்ட ஆய்வில் பீட்டா கரோட்டினால் கெடுதலும் இல்லை, நன்மையும் இல்லை.

வைட்டமின் ஈ மேலும் ஒரு பாடம். 35,533 ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்க அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை என்று 2008-இல் நிறுத்தியாயிற்று. நிறுத்திய பிறகும் கண்காணித்ததில், வைட்டமின் ஈ மட்டும் எடுத்த குழுவில் அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-இல் தெரிந்தது. மாத்திரையை விட்ட பின்னும் தொடர்ந்த கெடுதல்.

2007-இல் 68 ஆய்வுகளை, மொத்தம் 2,32,606 பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கவனமாக நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ மூன்றுமே மரணத்தைச் சற்றுக் கூட்டின. வைட்டமின் சி இப்பக்கமும் இல்லை, அப்பக்கமும் இல்லை. இதய நோயையும் புற்றுநோயையும் தடுக்க பீட்டா கரோட்டினோ வைட்டமின் ஈயோ எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-இல் நேரடியாகவே சொல்லிவிட்டது.

இன்னொரு சின்ன ஆய்வையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உடற்பயிற்சி செய்துவிட்டு வைட்டமின் மாத்திரை போடுகிறவர்கள் நிறையப் பேர். 2009-இல் வெளியான அந்த ஆய்வில் இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். பாதிப்பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 அலகு வைட்டமின் ஈயும். மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலினுக்கு உடல் ஒத்துழைப்பது மேம்பட்டது, எடுத்தவர்களுக்கு மேம்படவில்லை. பயிற்சியின்போது உண்டாகும் ரேடிக்கல்கள்தான் தசைக்கு 'தயாராகு' என்று சொல்லும் சமிக்ஞை. மாத்திரை அதன் வாயை அடைத்துவிட்டது. சர்க்கரை நோயைத் தள்ளிப்போட ஓடுகிறவருக்கு இதைவிட மோசமான கூட்டணி கிடையாது.

ஒரே ஒரு நல்ல விதிவிலக்கு உண்டு: வயது காரணமாக விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோய், அதுவும் நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு. வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், தாமிரம் சேர்ந்த கலவை நோய் முற்றுவதைச் சுமார் 25 சதவீதம் குறைத்ததாக 2001-இல் தெரிந்தது. 2013-இல் வந்த இரண்டாவது ஆய்வுக்குப் பிறகு பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு 10 மில்லிகிராம் லுட்டீனும் 2 மில்லிகிராம் ஸீயாசாந்தினும் சேர்த்தார்கள். முன்பு புகைபிடித்தவர்களுக்குப் பழைய கலவை நுரையீரல் புற்றுநோயைக் கூட்டுவது அங்கும் தெரிந்ததுதான் காரணம். கண் மருத்துவர் பார்த்து, நிலையைச் சொல்லி, எழுதிக் கொடுத்தால் எடுக்கலாம். கண் நன்றாக இருக்கும்போது முன்னெச்சரிக்கையாக எடுப்பதற்கு இந்த ஆய்வு ஆதாரம் இல்லை.

செறிவு கேப்சூல்கள்: எனக்கு அதிகம் தயக்கம் தருபவை

மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்தவர் அடுத்து வந்து நிற்கும் இடம் இதுதான். 'இது ரசாயனம் இல்லை, செடிதானே' என்ற நிம்மதி. என் பார்வையில் நான்கு வழிகளில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது இதுவே. மருந்தின் அளவு இருக்கிறது, மருந்துக்குச் செய்யும் பரிசோதனை இல்லை.

குர்குமினை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் தூளின் எடையில் சுமார் 3 சதவீதம்தான் குர்குமின். குடலில் அது சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்பட்ட கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே வேறொரு மூலக்கூறோடு ஒட்டி வெளியேற்றிவிடுகிறது. அதற்காக மிளகிலிருந்து எடுக்கும் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேரும் குர்குமின் 2000 சதவீதம் கூடியதாக 1998-இல் வந்த ஒரு சிறு ஆய்வு சொன்னது. டப்பாக்களில் பெருமையாகப் போடும் எண் அதுதான். அது எப்படி நடக்கிறது என்பதை யாரும் போடுவதில்லை. வெளியேற்றும் கல்லீரல் என்சைம்களைப் பைப்பரின் தடுக்கிறது. தடுப்பது குர்குமினுக்காக மட்டும் அல்ல. அதே வழியில் வெளியேற வேண்டிய மற்ற மருந்துகளும் இரத்தத்தில் தேங்கலாம். ஏற்கெனவே நான்கு மாத்திரை போடுகிற ஒருவருக்கு இது சின்ன விஷயமா?

பலன் பக்கம் பார்த்தால், குர்குமின் பற்றி ஆய்வுக்கட்டுரைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. 120-க்கும் மேற்பட்ட மனித ஆய்வுகளைக் கருத்தில் கொண்ட ஒரு மருந்து வேதியியல் மதிப்பாய்வு 2017-இல் வந்தது. யாருக்கு எது என்று கொடுப்பவர், எடுப்பவர் இரு தரப்புக்கும் தெரியாமல், மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வு ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று அது சொன்னது. இன்னொன்றும் சொன்னது: குர்குமின் தானே ஒளிரும் தன்மை உடையது, பல புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்ளும்; ஆய்வக அளவீடுகளில் அது 'வேலை செய்கிறது' என்று பொய்யாகக் காட்டிவிடும். சமையலில் சேரும் மஞ்சளுக்கும் இந்த எச்சரிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. நான் சொல்வது கேப்சூலை.

பச்சைத் தேயிலையும் அதே கதை. கோப்பையில் குடிக்கும்போது பயம் இல்லை. அதன் முக்கியச் சேர்மமான ஈ.ஜி.சி.ஜி-யைச் செறிவாக்கி, நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் என்சைம்கள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் கண்டது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அளவுக்குக் கீழே இருக்க வேண்டும், லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும், வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது என்று விதியே கொண்டுவந்தது. தேயிலைச் செறிவாலும் மஞ்சள் செறிவாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களில் பலரிடம் எச்.எல்.ஏ-பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. அது தனக்கு இருக்கிறதா என்று யாரும் பார்த்துவிட்டுக் கேப்சூல் வாங்குவதில்லை.

திராட்சையின் ரெஸ்வெரட்ரால் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மருந்து நிறுவனம் ஒன்று பெரும் பணம் போட்டு அதன் மேம்பட்ட வடிவத்தை நோயாளிகளிடம் சோதித்தது. சிறுநீரகப் பாதிப்பு தெரிந்ததும் 2010-இல் ஆய்வு நின்றது.

நியாயமாக, இந்த வகையின் சிறந்த முடிவையும் சொல்ல வேண்டும். கோக்கோவில் உள்ள ஃபிளேவனால் என்ற சேர்மங்களை நாளுக்கு 500 மில்லிகிராம் வீதம் கொடுத்து 21,442 முதியவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. முதன்மைக் கேள்வியான, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற மொத்த இதய நிகழ்வுகளில் 10 சதவீதக் குறைவு. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள். இதய நோயால் வந்த மரணங்களில் 27 சதவீதக் குறைவு. இது இரண்டாம் நிலைக் கேள்வி. இன்னொரு ஆய்வு இதை உறுதி செய்யட்டும், அப்புறம் நானும் மனம் மாறுவேன். ஒன்று மட்டும்: அந்த ஆய்வில் கொடுத்தது சாக்லேட் இல்லை.

பழச்சாறும் பொடியும்

இங்கே நிறைய நேரம் செலவிட வேண்டாம். சாறில் நார்ச்சத்து போய்விடுகிறது, சர்க்கரை மிஞ்சுகிறது, மூன்று பழம் ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. பழம் உண்பவர்களிடம் தெரிந்த நன்மை சாறு குடிப்பவர்களிடம் தெரியவில்லை. பொடிகளில் என்ன இருக்கிறது என்பது பெரும்பாலும் தயாரித்தவருக்கே வெளிச்சம். மெல்லவோ விழுங்கவோ சிரமப்படும் முதியவருக்கு, நார் போகாமல் அரைத்த பழக்கூழ் நல்ல வழி. அதைச் சாறோடு சேர்த்துப் பேசக் கூடாது.

முழு உணவு: ஆதாரம் எவ்வளவு உறுதி?

முழு உணவுதான் சிறந்தது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அதற்கான ஆதாரத்திலும் ஓட்டை உண்டு. 2021-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பில், நாளுக்கு ஐந்து பங்கு, அதாவது இரண்டு பங்கு பழமும் மூன்று பங்கு காயும் சாப்பிட்டவர்களிடம், இரண்டு பங்கு மட்டும் சாப்பிட்டவர்களைவிட மரணம் 13 சதவீதம் குறைவு. அதற்கு மேல் சாப்பிட்டாலும் கூடுதல் பலன் இல்லை. உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் போன்ற மாவுச்சத்துக் காய்கள் இந்தக் கணக்கில் உதவவில்லை. ஆனால் காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர் புகை பிடிக்காதவராக, நடக்கிறவராக, கையில் கொஞ்சம் வசதி உள்ளவராகவும் இருப்பார். பீட்டா கரோட்டின் விஷயத்தில் ஏமாற்றியதும் இதே வகைக் கணக்கெடுப்புதான் என்பதை மறக்கக் கூடாது.

அப்படியிருந்தும் நான் இதன் பக்கம் நிற்பதற்குக் காரணம் உண்டு. உணவையே மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன. 1997-இல் 459 பேருக்கு எட்டு வாரம் சமைத்துக் கொடுத்து நடத்திய டாஷ் ஆய்வில், காயும் பழமும் கூட்டியதிலேயே இரத்த அழுத்தத்தின் மேல் எண் 2.8 புள்ளி குறைந்தது. அதோடு கொழுப்பு குறைந்த பாலும் சேர்த்து, மொத்தக் கொழுப்பையும் குறைத்தபோது 5.5. ஸ்பெயினில் 7,447 பேரிடம் ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்த்த உணவைக் கொடுத்துப் பார்த்ததில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு சுமார் 30 சதவீதம் குறைந்தது. சிலரைக் குழுக்களில் சேர்த்த விதத்தில் குளறுபடி தெரிந்ததால் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி, 2018-இல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய அப்படியே நின்றது.

இதில் எவ்வளவு பாலிஃபீனாலின் வேலை, எவ்வளவு பொட்டாசியத்தின் வேலை, எவ்வளவு நார்ச்சத்தின் வேலை என்று பிரிக்க முடியாது. ஒரு கைப்பிடி கொட்டை உள்ளே போனால் ஒரு பாக்கெட் பிஸ்கட் வெளியே நிற்கிறதே, அதன் பங்கும் உண்டு. சாப்பிடுகிறவருக்கு அந்தப் பிரிவினை தேவையும் இல்லை.

சமைக்கும் விதத்தில்தான் கவனம் வைக்க வேண்டும். புரோக்கோலியில் சல்ஃபரஃபேன் நேரடியாக இருப்பதில்லை. நறுக்கும்போது ஒரு என்சைம் அதை உண்டாக்குகிறது. நறுக்கியதும் கொதிநீரில் போட்டால் என்சைம் செத்துப்போகும். நறுக்கிச் சற்று நேரம் வைத்துவிட்டு லேசாக ஆவியில் வேகவைத்தால் நல்லது. உறைய வைத்த புரோக்கோலி ஏற்கெனவே வெந்நீரில் முக்கி எடுத்தது. அதன் மேல் கொஞ்சம் கடுகுப்பொடி தூவினால், கடுகில் உள்ள அதே வகை என்சைம் வேலையைச் செய்துவிடும். பூண்டையும் நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுச் சூடாக்க வேண்டும். தக்காளிக்குச் சிவப்பு தரும் லைக்கோபீனோ நேர்மாறு: எண்ணெயோடு வெந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். கேரட், கீரையில் உள்ள, பீட்டா கரோட்டின் போன்ற கரோட்டினாய்டுகளுக்கும் கொழுப்பு வேண்டும். துளி எண்ணெய்கூட இல்லாத சாலட்டிலிருந்து அவை ஏறக்குறைய சேருவதே இல்லை.

யாருக்கு எது?

பொதுவான ஒருவருக்கு, நோய் எதுவும் இல்லாமல் தடுப்புக்காக மட்டும் என்றால், நான் தயங்காமல் நான்காவது வழியைச் சொல்வேன். முதல் மூன்றுக்கும் போகும் பணத்தை அதற்குத் திருப்பலாம். புகைபிடிப்பவர், பிடித்து விட்டவர், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே கூடாது. மல்டிவைட்டமின் லேபிளிலும் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகையை நிறுத்தாமல் ஆன்டிஆக்ஸிடன்ட் தேடுவது குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கும் வேலை. ஏறிய இரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால், காய்கறி அதற்குத் துணை, மாற்று அல்ல. புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கும்போது செறிவுகளையோ அதிக அளவு வைட்டமின்களையோ சொந்தமாகச் சேர்க்கக் கூடாது. ரேடிக்கல்களை உண்டாக்கித்தான் கதிர்வீச்சும் சில மருந்துகளும் புற்றுச் செல்லைக் கொல்கின்றன.

முழு உணவும் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடியது அல்ல. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ஏறும். சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வருகிறவருக்குப் பசலைக் கீரை அளவோடு இருக்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பம்பளிமாஸ் வகையைச் சேர்ந்த கிரேப்ஃபுரூட் சில கொழுப்பு மாத்திரைகளை இரத்தத்தில் தேங்க வைக்கும்.

ஏற்கெனவே ஏதாவது கேப்சூல் எடுத்துக்கொண்டிருப்பவர், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது டப்பாவையே கையில் கொண்டுபோவது நல்லது. 'ஏதோ மூலிகை' என்று வாயால் சொன்னால் யாருக்கும் எதுவும் தெரியாது. அறுவை சிகிச்சை இருந்தால் தேதி குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் அடர் பழுப்பாகப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, காரணமில்லாமல் உடம்பெல்லாம் அரித்தாலோ, அன்றைக்கே கேப்சூலை நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனைக்குப் போக வேண்டும்.